‘ஹார்டிவெயின்பெர்க்’ ஆர் தொகுப்பு: ஆண்களையும் எண்ணும் கருவி

எக்ஸ் குரோமோசோம் பண்பு என்றதும் ஆண்களை ஒதுக்கிவிட்டு, பெண்களை மட்டும் ஹார்டி-வெயின்பெர்க் சமநிலைச் சோதனைக்கு (மரபணு வகைகள் தற்செயல் இனச்சேர்க்கையில் எதிர்பார்க்கும் விகிதத்தில் உள்ளனவா என்று பார்ப்பது) உட்படுத்துவது பழைய வழக்கம். இருபாலரையும் சேர்த்துச் சோதிக்கும் முறையை 2016இல் யான் கிராஃபெல்மனும் புரூஸ் வெயரும் வெளியிட்டார்கள். ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழிக்கான கிராஃபெல்மனின் இந்த இலவசத் தொகுப்பில் அது இருக்கிறது. அதற்காகவே இதை நிறுவலாம்.

ஆனால் அல்லீலின் (மரபணுவின் ஒரு வடிவம்) நிகழ்வெண்ணை, அதாவது மொத்த அல்லீல்களில் அதன் பங்கை, முதலில் கையால் போட்டுப் பாருங்கள். பூனையின் செம்மஞ்சள் நிறம் நல்ல உதாரணம்: கலப்பு அல்லீல் கொண்ட பெண் ஆமையோட்டு நிறத்தில் இருப்பதால் கண்ணாலேயே பிரிக்கலாம். 40 ஆண்களில் 16 செம்மஞ்சள். 60 பெண்களில் 6 செம்மஞ்சள், 24 ஆமையோட்டு நிறம், 30 மற்றவை என்று கொள்வோம். ஆணுக்கு ஒரு எக்ஸ், பெண்ணுக்கு இரண்டு; எனவே செம்மஞ்சள் அல்லீல்கள் 16 + 12 + 24 = 52. மொத்த அல்லீல்கள் 40 + 120 = 160. விடை 0.325. நூறு விலங்குக்கு இருநூறு அல்லீல் என்று வகுத்தால் 0.26 வரும். மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

தொகுப்பில் எக்ஸ்-லிங்க்ட் தேர்வை ‘ட்ரூ’ ஆக்கி ஐந்து எண்களைக் கொடுக்க வேண்டும்: ஆண் இரண்டு, பிறகு பெண் மூன்று. இங்கே 16, 24, 6, 24, 30. வரிசை மாறினால் விடையும் மாறிவிடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பெயரிட்டே கொடுங்கள். தொடர்ச்சித் திருத்தம் (முழு எண் தரவுக்கான சிறு சரிக்கட்டல்) இயல்பாகவே 0.5; அதைச் சுழியாக்கினால் கைவர்க்கம் (எதிர்பார்ப்பிலிருந்து தரவு விலகும் அளவு) 1.51, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 2, பி மதிப்பு 0.47, அதாவது சமநிலையை மறுக்கப் போதிய சான்று இல்லை. ஆணில் 0.40, பெண்ணில் 0.30 என்ற வேறுபாட்டையும் இந்தச் சோதனை எடைபோடுகிறது. பெண்களை மட்டும் சோதித்தால் அது கண்ணில் படவே படாது. எண்ணிக்கை சிறிதானால் கைவர்க்கத்தை விட்டு, இதே தொகுப்பிலுள்ள துல்லியச் சோதனைக்குப் போங்கள்.

தரவில் உள்ள பிழையை எந்தத் தொகுப்பும் திருத்தாது. முழு வெள்ளைப் பூனைகளில் நிறம் மறைந்திருக்கும், அவற்றை எண்ணாதீர்கள். செம்மஞ்சள் திட்டு சிறிதாக இருக்கும் பெண்ணைக் கறுப்பில் சேர்த்தால் ஓர் அல்லீல் தொலைகிறது. ஆமையோட்டு நிற ஆண் பெரும்பாலும் எக்ஸ்எக்ஸ்ஒய், அதையும் நீக்குங்கள்.

கோழி போன்ற பறவைகளுக்குத் தனித் தேர்வு தேட வேண்டாம். அங்கே ஒற்றை இசட் குரோமோசோம் பெட்டைக்குத்தான். முதல் இரண்டு இடங்களில் பெட்டைகளின் எண்ணிக்கையையும் அடுத்த மூன்றில் சேவல்களையும் இட்டால் கணக்கு அப்படியே பொருந்தும்.