வெறுங்காலில் ஆறு பனிக்காலம்: ஊட்டியிலிருந்து ஓர் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இயற்கை வைத்தியக்காரன் இல்லை, யோகா வகுப்பு எடுப்பவனும் இல்லை. காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பனியில் வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தது ஐயப்பனுக்கு மாலை போட்டதால்தான். வேறு ஞானோதயம் எதுவும் கிடையாது.

2019 கார்த்திகை முதல் தேதி மாலை போட்டேன். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு 41 நாள் செருப்பில்லாமல் இருப்பது தார் ரோட்டோடும் கல்லு முள்ளோடும் நடக்கிற மல்லுக்கட்டு. ஊட்டியில் அது வேறு கணக்கு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். ஐப்பசியில் நீர்ப்பனி விழும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்டால் உறைபனி. மார்கழி, தை மாதக் காலைகளில் காந்தல், தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் உப்புக் கொட்டிய மாதிரி கிடக்கும். எங்கள் வாடகை வீடு காந்தலில். வாசலிலிருந்து குழாயடிக்குப் பத்தடி. அந்தப் பத்தடியிலேயே பல் கிட்டிக்கொள்ளும்.

"சாமி, நிக்காதீங்க. நின்னாத்தான் கடிக்கும், நடந்தா விட்டுரும்" என்றார் குருசாமி. ஆறு பனிக்காலம் கழித்துச் சொல்கிறேன், அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை என் சுண்டு விரலிடம் கேட்டால் சொல்லும்.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் ஷூ போட்டு மண்டிக்குக் கிளம்பினேன். காலுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. எங்கே ஈரம், எங்கே சரிவு, எங்கே மண் இளகியிருக்கிறது என்று ஒன்றுமே தெரியவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு காலையில் அரை மணி நேரம் மட்டும் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தேன். அதுதான் இன்றுவரை தொடர்கிறது.

வீட்டில் முதல் எதிர்ப்பு அம்மாயியிடமிருந்து. என் அம்மாவைப் பெற்றவள். இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்து, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் குன்னூரில் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். நான் ஆசையாகச் செருப்பைக் கழற்றுகிறேன் என்று கேட்டதும் கொதித்துப்போய்விட்டாள். (பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பு; படங்கு என்றால் இடுப்பில் கட்டுகிற சாக்குத்துணி.)

"அங்க பெரட்டுக்கு நிக்கறப்ப, புல்லெல்லாம் வெள்ளையா பனி பூத்துக் கிடக்கும். இடுப்புல படங்கு, முதுகுல கூடை, கால்ல ஒண்ணுமில்ல. ஆசைக்காடா அப்புடி நடந்தோம்? செருப்பு இல்லடா!"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் வராது. திருப்பிப் போட்டுக்கொள்ளச் செருப்பு இருக்கிறவன் கழற்றுவதும், இல்லாதவள் நடந்ததும் ஒன்றாகாது. கேத்தி பாலாடாவில் விடிவதற்கு முன்னால் கேரட் பிடுங்கிக் கழுவுகிறவர்களை மண்டி வேலையில் தினமும் பார்க்கிறேன். ஐஸ் மாதிரித் தண்ணீரில் கை வைக்கிற அவர்களிடம் போய், "குளிர் உடம்புக்கு நல்லது" என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன்.

உள்ளங்கால் முதலில் கற்றுக்கொண்டது, குளிர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பதை. மொட்டைப் பாறைதான் மகா கொடியது; வைத்த மறுநொடியே சூட்டை உறிஞ்சிவிடும். கிக்குயு புல்லில் பனி பூத்திருந்தால் முதல் அடிக்கு நறுக்கென்று உடைந்து, இரண்டாவது அடிக்குள் உருகிக் காலை நனைத்துவிடும். அந்த ஈரம்தான் எதிரி. காய்ந்த செம்மண் பாதை பரவாயில்லை. தார் ரோடு, நம்புங்கள், புல்லைவிட மேல். நேற்றைய வெயிலைக் கொஞ்சம் உள்ளே வைத்திருக்கும். எல்லாவற்றிலும் சொகுசு யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்தடிச் சருகு. அங்கே பனியே விழுவதில்லை. வெட்ட வெளிப் புல் இரவு முழுவதும் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறது. மரத்தடியில் கிளைகள் கூரை மாதிரி மறித்துக்கொள்கின்றன.

ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிற வெப்பமானி 3 டிகிரி காட்டியது. பனியோ வெள்ளையாகக் கிடக்கிறது. அதே வெப்பமானியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் புல்மேல் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. செய்தியில் சொல்கிற குறைந்தபட்ச வெப்பநிலை தரைக்கு நாலடி மேலே பெட்டிக்குள் அளந்தது. கால் நடக்கிற உயரத்தில் கதையே வேறு. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் பத்துப் பன்னிரண்டு அடிதான் இறக்கம். இறங்கும்போது கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று குளத்துக்குள் இறங்குவது போலக் குளிர் ஏறிவரும். இந்த ஓடையைக் கடந்துதான் பல வருடம் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருக்கிறேன். ஷூ போட்ட காலத்தில் இது எனக்குத் தெரியவே தெரியாது.

அடுத்தது உடம்பு செய்கிற வேலை. நடக்க ஆரம்பித்த முதல் ஐந்தாறு நிமிடம் வலிக்கும். சும்மா இல்லை, எலும்புக்குள் ஊசி ஏற்றுகிற வலி. உடம்பு தன் மையச் சூட்டைக் காப்பாற்றக் கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அதைத் தாண்டினால் எங்கிருந்தோ சூடு இறங்கிவரும், விரல் நுனி கதகதவென்றாகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி குளிரும், மறுபடி சுடும். ஐயப்பன் அருள் என்றே முதல் வருடம் நினைத்தேன். குளிர்ந்த நீரில் வைத்த விரலில் ரத்தக்குழாய்கள் இப்படிச் சுருங்கிச் சுருங்கித் திறப்பதை 1930-லேயே தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். அருள் இல்லை என்று சொல்ல வரவில்லை. அது வருகிற வழி தெரிந்தது.

இந்தச் சூடு வரவேண்டுமென்றால் மேல்உடம்பு சூடாக இருக்கவேண்டும். கால் வெறுமையாக இருக்கலாம். தலையில் குல்லா, உடம்பில் இரண்டு ஸ்வெட்டர் கட்டாயம். வீம்புக்கு வெறும் சட்டையோடு போன நாட்களில் அந்த இரண்டாவது சூடு வரவே இல்லை.

இரண்டாவது பனிக்காலத்தில்தான் பட்டேன். 2021 ஜனவரி. வலி நின்றதும் சூடு வரும் என்று நம்பி நடந்தேன். வலி நின்றது, சூடு வரவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. பழகிவிட்டது என்று பெருமைப்பட்டு இன்னும் ஒரு சுற்றுப் போனேன். வீட்டுக்கு வந்து சிமென்ட் தரையில் நாலடி வைத்திருப்பேன். "என்னங்க, தரையெல்லாம் ரத்தம்!" என்றாள் மனைவி. குதிகாலுக்கு முன்னால் பீர் பாட்டில் சில்லு, நகத்தளவு. ஏறினதும் தெரியாது, அதோடு எவ்வளவு தூரம் நடந்தேன் என்பதும் தெரியாது.

அதோடு நிற்கவில்லை. சில்லை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு, கால் விறைத்திருக்கிறதே என்று சீகை (வாட்டில்) மரக் கரி போட்ட இரும்புச் சட்டியின் பக்கத்தில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆஹா, என்ன சுகம்! ராத்திரி கம்பளிக்குள் போனதும் விரல்கள் அரிக்க ஆரம்பித்தன. காலையில் சுண்டு விரலும் பக்கத்து விரலும் வீங்கிக் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தன. டி.டி. ஊசி போடப் போன இடத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, "இது பனிப்புண். சுருங்கிக் கிடக்கிற ரத்தக்குழாய்க்குத் திடீர்னு சூடு காட்டினா இப்படித்தான் வீங்கும்" என்றார். ஆறுவதற்கு மூன்று வாரம் ஆனது. (கரிச் சட்டி என்றதும் ஒன்று: கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்காதீர்கள். அதிலிருந்து வருகிற, கண்ணுக்குத் தெரியாத விஷவாயுவில் மலை ஊர்களில் உயிர் போயிருக்கிறது.)

அதன் பிறகு என் வழக்கமே மாறிவிட்டது. வீட்டிலிருந்து பத்து நிமிடம் ஷூவோடு வேகமாக நடந்து, கால் சூடானதும்தான் கழற்றுகிறேன். குளிர்ந்த காலைக் குளிரில் வைக்கக்கூடாது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செபாஸ்டியன் க்னைப் என்ற ஜெர்மன் பாதிரியார் விதியாக வைத்திருந்தாராம். பனித்துளிப் புல்லிலும், சில நிமிடம் மட்டும் புதிதாய் விழுந்த வெண்பனியிலும் ஆட்களை நடக்கவிட்டவர். முன்னமே தெரிந்திருந்தால் அந்த இரண்டு விரலும் வீங்காமல் தப்பியிருக்கும். உறைபனி நாளில் எனக்கு 15 நிமிடம், நீர்ப்பனி நாளில் 30. கட்டைவிரலால் பக்கத்து விரலைத் தேய்த்துப் பார்ப்பேன். தேய்க்கிறது தெரியவில்லையென்றால் அங்கேயே ஷூ. அதற்காக மஞ்சள் பையில் அது கூடவே வரும். வீட்டுக்கு வந்ததும் துண்டால் ஈரம் போகத் துடைத்து, கம்பளிக் காலுறை. வெந்நீர் கிடையாது, கரிச் சட்டி கிடையாது.

பாட்டில் சில்லுக்கு இன்னொரு விஷயம் கைகொடுத்தது. யானைகளின் காலில் கண்ணாடி குத்துகிறது என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் முதல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிறார்கள். நான் நடக்கிற பாதையில் அதற்கப்புறம் சில்லு கண்ணில் படுவது ரொம்பக் குறைந்துவிட்டது. யானைக்குப் போட்ட திட்டத்தில் நானும் ஒரு பயனாளி.

பாதம் எப்படி ஆகியிருக்கிறது என்று கேட்பார்கள். தோல் தடித்திருக்கிறது, உணர்ச்சி மங்கவில்லை. கென்யாவில் வெறுங்காலோடு நடக்கிறவர்களை வைத்து 2019-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வும் இதையே சொன்னது. காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் தரையை உணர்வது குறைவதில்லையாம். குதிகால் வெடிப்புத்தான் தலைவலி. மழையில்லாத தை மாதக் காற்று தோலை உலர்த்திப் பிளந்துவிடும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக் காலுறை போடாமல் விட்ட வாரங்களில் நொண்டிக்கொண்டுதான் மண்டிக்குப் போயிருக்கிறேன்.

பூமியிலிருந்து மின்சாரம் ஏறி நோயெல்லாம் போய்விடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்குச் சளி எப்போதும் போலத்தான் பிடிக்கிறது. தூக்கம் நன்றாக வருகிறது. ஐந்தரைக்கு எழுந்தால் யாருக்குத்தான் வராது? சர்க்கரை வியாதி உள்ளவர்கள், குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்கள், காலில் ஏற்கெனவே மரமரப்பு இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். எனக்கு வலி நின்ற நேரத்தில் நிறுத்தாமல் போய்த்தான் இவ்வளவும் பட்டேன். அந்த வலியே தெரியாத காலோடு இறங்கினால் எங்கே நிறுத்துவது?

பிறகு ஏன் விடவில்லை என்றால், இந்த மாதிரிக் காலைகளுக்காக. போன மார்கழி, ஓடைக்கு மேலே புல்மேட்டில் போய்க்கொண்டிருக்கிறேன். சுற்றிலும் வெள்ளை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒரு கட்டில் அளவுக்குப் பனியே இல்லை. புல் அழுந்திப் பச்சையாகக் கிடக்கிறது. காலை வைத்தேன். சூடு. வெதுவெதுப்புக்கூட இல்லை, இட்லித் துணியைத் தொட்ட மாதிரி நல்ல சூடு. இரண்டு காலையும் வைத்து அப்படியே நின்றுவிட்டேன். மாட்டுச் சாணி வாடை. அப்புறம்தான் உறைத்தது, இது யாருடைய படுக்கை என்று. தலையை நிமிர்த்தினால் முப்பதடி தள்ளி சீகை மரத்தடியில் காட்டு மாடு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. மூக்கிலிருந்து ஆவி. என்னையே பார்க்கிறது. முதுகைக் காட்டாமல் பின்னாலேயே வந்தேன். பாறை மேல் எத்தனை அடி வைத்தேனோ, குளிர் தெரியவில்லை.

குன்னூர் போயிருந்தபோது இதை அம்மாயியிடம் சொன்னேன். இப்போது அவளுக்கு எழுபத்தெட்டு. சர்க்கரையில் பாதம் மரத்துவிட்டது, வீட்டுக்குள்ளேயே எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டுத்தான் நடக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பு. திட்டுவாள் என்று நினைத்தேன். "மாடு ஒண்ணும் பண்ணலயே?" என்றாள். பிறகு, "விடியக்காலம் நடந்துட்டு நேரா இங்க வா" என்றாள்.

மறுநாள் வாசல் புல்லில் நடந்துவிட்டு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஈரத்தைத் துடைக்கவிடவில்லை. உள்ளங்கையை என் உள்ளங்காலில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"நுவரெலியால இன்னுங் கொஞ்சம் கடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை எடுத்து என் காலில் போர்த்தினாள்.