ஜேடு பெட்டி: வெள்ளையா, பச்சையா?

ஜேடு என்னும் அலங்காரக் கல்லில் செய்த பழைய சீனப் பெட்டி என்றதும் பலர் பச்சையைத்தான் தேடுகிறார்கள். என் ஓட்டு வெள்ளைக்கே.

வெள்ளை என்பது பெரும்பாலும் நெஃப்ரைட் என்ற ஜேடு வகை. சீனாவின் மேற்கிலுள்ள சின்ஜியாங்கின் ஹோட்டான் ஆற்றுப்படுகைகளில் பொறுக்கிய கல். 1759-இல் சியான்லுங் பேரரசர் அப்பகுதியை வென்ற பிறகு அரண்மனைப் பட்டறைகளுக்குக் கல் தாராளமாக வந்தது. நல்ல பெட்டி கையில் கிடைத்தால், மூடியையும் அடிப்பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கல்லில் அறுத்திருந்தால், மூடியில் ஓடும் ரேகை அடிப்பாகத்திலும் தொடரும். உளி கொண்டு செதுக்கியதல்ல. சுழலும் கருவியும் ஈரமான தேய்ப்புமணலும் கொண்டு பொறுமையாகத் தேய்த்தெடுத்தது. உயர்ந்த வெள்ளையைச் சீனர்கள் 'ஆட்டுக்கொழுப்பு' என்கிறார்கள். கேட்க ஒரு மாதிரி இருக்கும், பார்த்தால் சரியென்று படும்.

பச்சை ஜேடைட், ஜேடின் இன்னொரு வகை, பர்மாச் சரக்கு. கண்ணாடிப் பளபளப்பு, கூடுதல் கனம், சற்றே கூடுதல் கடினம். ஆனால் எளிதில் உடையாத உறுதியில் நெஃப்ரைட்டே மேல். இரண்டும் வேறு கனிமங்கள் என்று 1863-இல் நிறுவியவர் பிரெஞ்சு வேதியியலாளர் டாமூர்.

1860-இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையைச் சூறையாடியபின் அரண்மனைப் பொருள்கள் ஐரோப்பிய ஏலங்களுக்கு வந்தன. அமெரிக்கரான ஹீபர் பிஷப் சேர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜேடு பொருள்கள் 1902-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றன.

ஜேடைட் சீனாவில் பரவலானது 18-ஆம் நூற்றாண்டில்தான். மிங் வம்ச (1368–1644) காலத்து ஜேடைட் பெட்டி என்று யாராவது நீட்டினால், நடையைக் கட்டுங்கள்.