கல்லூரி மேடையில் வள்ளி திருமணம்

விடிய விடிய நடக்கும் இசை நாடகத்தை இரண்டரை மணி நேரத்துக்குள் அடக்குவது எளிதன்று. 1922-இல் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தைக் கோவையில் ஒரு கல்லூரியின் நாடக மன்ற மாணவர்கள் அப்படிச் சுருக்கி அரங்கேற்றினார்கள், எதை வெட்டுவது என்பதில் சறுக்கினார்களே தவிர, பாட்டில் பெரும்பாலும் தேறிவிட்டார்கள்.

பதிவு செய்த இசையை நம்பாமல் ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் மேடையோரம் உட்கார வைத்ததற்கே பாராட்ட வேண்டும். நாரதர் வரி மறந்து நின்றபோது ஆர்மோனியக்காரர் பின்பாட்டாக அடியெடுத்துக் கொடுத்தது பலருக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் வள்ளியின் குரலுக்கேற்ப ஐந்து கட்டையில் உயர்த்தி வைத்த சுருதி, முருகனாக வந்த மாணவருக்குச் சோதனையாகிவிட்டது. அந்தக் கால நாடகப் பாடகர் கிட்டப்பாவின் இசைத்தட்டில் ஊறிய காதுகளுக்கு முன் ‘காயாத கானகத்தே’ பாடுவதே துணிச்சல்தான்; மேல் ஸ்தாயியில் குரல் பிசிறியதும், அதே வரியை மறுபடி எடுத்துச் சரியாக நிறுத்திய பிறகே அவர் அடுத்த அடிக்குப் போனார்.

தினைப்புனக் காட்சியில் தோழியர் வள்ளி கும்மி அடித்தது சுவாமிகளின் நாடகத்தில் இல்லாதது. இலக்கணம் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அது உறுத்தவில்லை. வள்ளி கதையைக் கும்மிப் பாட்டாகவே கேட்டு வளர்ந்த கொங்கு நாடு இது. அக்கலையைப் பல தலைமுறைக்குக் கற்பித்த பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. குனிந்து தட்டி, நிமிர்ந்து திரும்பும் அடியில் ஒருவர்கூடப் பிசகவில்லை.

குறை தர்க்கம் என்னும் வாதப் போட்டியில்தான். நாரதரும் வள்ளியும் மாறி மாறி மடக்குவதைக் கேட்கத்தான் கிராமங்களில் கூட்டம் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கும். இங்கே அது மனப்பாடம் செய்த பத்து நிமிடமாகச் சுருங்க, கைப்பேசி நகைச்சுவைகளோடு பபூன் அரை மணி நேரத்தை விழுங்கினார். இத்தனைக்கும் அந்த வள்ளிக்கு வாய்த்துடுக்கு நன்றாகவே வருகிறது. தனியே காவல் இருக்கப் பயமில்லையா என்று நாரதர் கேட்டதற்கு, ‘கிளிக் கூட்டத்தையே விரட்டுகிறவள், ஒற்றைத் தம்புராவுக்கா பயப்படுவேன்?’ என்று வெடுக்கென்று கேட்டார்.

காலர் மைக் நகையில் உரசி எழுப்பிய கரகரப்பு காதல் காட்சி முழுவதையும் கெடுத்தது. மறுபடி போடுவதாக இருந்தால், மேடை முன்னே இரண்டு மைக்கை நிறுத்திவிட்டு, பபூனுக்குத் தந்த நேரத்தில் பாதியைத் தர்க்கத்துக்குத் தரட்டும்.