வரையாடும் காட்டெருமையும்: நெருக்கி வெட்டுவதா, இடம் விடுவதா?

நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் பாறை விளிம்பில் நிற்கும் வரையாடு, 400 மி.மீ. லென்ஸிலும் ஃப்ரேமில் சின்னதாகத்தான் விழும். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தால் இரண்டு வழி. ஆட்டை மட்டும் வைத்துக்கொண்டு படத்தின் மற்ற பகுதியை வெட்டலாம் (க்ராப்). இல்லை, புல்வெளியும் சரிவுமாக அப்படியே விடலாம்.

நெருக்கி வெட்டினால் கிடைப்பது நிறையவே. வளர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு இருக்கும். பின்னோக்கி வளைந்த கொம்பில் வரிவரியாக மேடு தெரியும். ஆணா பெண்ணா, என்ன வயது என்று காட்ட வேண்டிய படமென்றால் நெருக்கம்தான் சரி. சோலை எனப்படும் மலைக்காட்டின் இருட்டில் அமரும் நீலகிரி ஈப்பிடிப்பானுக்கும் அப்படித்தான். பின்னணி வெறும் நிழல். பறவை பார்க்கும் பக்கம் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 24 மெகாபிக்சல் படம் என்பது 6000-க்கு 4000. அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் மிஞ்சுவது 3000-க்கு 2000, அதாவது வெறும் 6 மெகாபிக்சல். போனில் பார்க்க அது தாராளம். அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்து அச்சிட்டால் 10 அங்குல அகலத்தோடு சரி. அப்புறம் மலை வெளிச்சம். மூடுபனியில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றி எடுத்த படத்தில் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான இரைச்சல், ஏற்கெனவே இருக்கும். வெட்டிப் பெரிதாக்கினால் அதுவும் கூடவே பெரிதாகும், கை லேசாக ஆடியதும் தெரிந்துவிடும்.

இடம் விட்ட படம் வேறொன்றைச் சொல்கிறது. ஆபத்து என்றால் வரையாடு ஓடுவது செங்குத்துப் பாறைக்கு. பாறை படத்தில் இல்லையென்றால் அது ஏன் அங்கே நிற்கிறது என்பதே புரியாது. புல்வெளிக்குள் சீகை மரம் (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில்) நுழைந்துகொண்டிருப்பதும் ஓரத்தில் விழுந்திருக்கும். அழகைக் கெடுக்கிறது என்று அந்த ஓரத்தைத்தான் பலரும் முதலில் வெட்டுகிறார்கள். நான் விட்டுவைப்பேன். மாநில விலங்கான வரையாட்டுக்காக 2022-ல் தமிழக அரசு அறிவித்த திட்டத்தில் சோலைப் புல்வெளிகளை மீட்பதும் ஒரு பகுதி. எதை மீட்க வேண்டும் என்பது அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டத்துக் காட்டெருமை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: நெருக்கி வெட்டக் கூடாது. முகத்தை மட்டும் எடுத்தால் அது அடர்காட்டில் நின்றதாகிவிடும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் வெள்ளையும் போய்விடும். கவாத்து செய்த செடிகள், பின்னால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடு, கொடியில் காயும் துணி, இதெல்லாம் இருந்தால்தான் மாடு எங்கே நிற்கிறது என்று தெரியும். இன்னொன்று, நெருக்கமான முகத்தைப் பார்ப்பவர் பக்கத்தில் போய் எடுத்ததாகவே நினைப்பார். அடுத்த முறை அவரும் போனோடு கிட்டே போவார். காட்டெருமை முட்டி ஆட்கள் செத்திருக்கும் மலை இது. முகம் வேண்டும் என்றால் தனிப் பிரதியில் வெட்டி, முழுப் படத்தோடு சேர்த்தே போடுங்கள்; எத்தனை மீட்டர் தள்ளி நின்று எடுத்தது என்றும் கீழே எழுதுங்கள்.