உள்ளங்காலில் கறுப்புத் திட்டு: துண்டு எடுப்பதா, முழுசாக எடுப்பதா?

அம்மாவின் உள்ளங்காலில் இருந்த கறுப்புத் திட்டுக்கு டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, குத்தி ஒரு சின்னத் துண்டு எடுக்கும் பஞ்ச் பயாப்ஸி. இன்னொன்று, திட்டை முழுசாக வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது. நாங்கள் முழுசாகத்தான் எடுத்தோம். திட்டு சின்னதாக இருந்தால் யாருக்கும் அதையே சொல்வேன்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் உள்ளங்காலில் எது வந்தாலும் கால் ஆணி என்று கார்ன் பிளாஸ்டர் ஒட்டிவிடுவார்கள். தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் வரும் புற்றுநோயான மெலனோமா நம் நிறத்தவர்களுக்கு அரிது என்பது உண்மைதான். ஆனால் வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடமாகப் பார்த்து வரும். ஏக்ரல் லென்டிஜினஸ் மெலனோமா என்று பெயர். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் பார்த்தால் உள்ளங்கால் ரேகைகளின் பள்ளத்தில் நிறம் படிந்திருப்பது பெரும்பாலும் சாதா மச்சம். மேட்டில் படிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அம்மாவுக்கு மேட்டில் படிந்திருந்தது.

பஞ்ச் பயாப்ஸி சுலபம். மரத்துப்போக ஊசி, 4 மில்லிமீட்டர் துண்டு, ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். திட்டு ரொம்பப் பெரிசு, அல்லது முகத்தில் இருக்கிறது என்றால் அதுதான் சரியான வழியும்கூட. "கத்தி பட்டா பரவிடும்" என்று சித்தி பயந்தார். துண்டு எடுப்பதால் மெலனோமா பரவுவதில்லை. அந்தப் பயத்துக்காக அதை ஒதுக்க வேண்டாம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஆழம். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் சொன்ன அளவை இன்றும் எல்லாரும் பின்பற்றுகிறார்கள்: மேல்தோலின் துகள் அடுக்கிலிருந்து, கீழே கடைசியாகத் தெரியும் புற்றணு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று மைக்ரோஸ்கோப்பில் அளப்பது. அடுத்து நடப்பதெல்லாம் பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான். 1 மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் விட்டு மறுபடி வெட்டுவார்கள்; 2-ஐத் தாண்டினால் 2 சென்டிமீட்டர். 0.8-ஐத் தொட்டாலே தொடை இடுக்கு நெறியை (நிணநீர்க் கணுவை) சோதிக்கும் பேச்சு வந்துவிடும். உள்ளங்காலில் ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய வெட்டுவது, தையலோடு முடியுமா, தோல் எடுத்து ஒட்ட வேண்டுமா என்கிற வித்தியாசம்.

இந்த வகைத் திட்டு எங்கும் ஒரே ஆழத்தில் இருக்காது. ஓரத்தில் புற்றணுக்கள் மேல்தோலின் அடி வரிசையில் ஒவ்வொன்றாக, சாதுவாக உட்கார்ந்திருக்கும். வேறொரு இடத்தில் கீழே இறங்கியிருக்கும். துண்டு ஓரத்தில் விழுந்தால் சாதா மச்சம் என்றே ரிப்போர்ட் வரலாம். மேலாகச் சீவி எடுக்கும் ஷேவ் பயாப்ஸியில் அடிப்பக்கம் அறுபட்டு, "குறைந்தது இவ்வளவு ஆழம்" என்று மட்டும் எழுதி வருவதுண்டு. அதை வைத்து எப்படித் திட்டமிடுவது?

ஆழம் மட்டுமில்லை, உருவமும் முழுசாகத் தெரிய வேண்டும். 1948-ல் சோஃபி ஸ்பிட்ஸ் விவரித்த, பெரும்பாலும் சின்ன வயதில் வரும் ஸ்பிட்ஸ் மச்சம் மைக்ரோஸ்கோப்பில் மெலனோமா மாதிரியே மிரட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, கீழே போகப் போக அணுக்கள் சிறுக்கின்றனவா என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். துண்டில் அது எங்கே தெரியும்? மெலனோமாவிலேயே நிறமே இல்லாத ஏமெலனோடிக் வகை, ரத்தம் கசியும் சிவப்புக் கட்டி மாதிரியோ, வியர்வைச் சுரப்பியில் வரும் போரோமா மாதிரியோ ஏமாற்றும். டெஸ்மோபிளாஸ்டிக் வகை வெறும் தழும்பு மாதிரி இருக்கும். புற்றணுவை அடையாளம் காட்டும் மெலன்-ஏ, எச்எம்பி 45 சாயங்கள் பல நேரம் அதில் ஏறாது. எஸ் 100, சாக்ஸ் 10 போட்டால்தான் பிடிபடும். இத்தனை சாயத்துக்கும், எடுத்த சதையைப் பதித்து வைக்கும் மெழுகுக் கட்டையில் போதிய சதை இருக்க வேண்டும்.

முழுசாக எடுப்பதன் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். உள்ளங்கால் தையல் சீக்கிரம் ஆறாது, ஊன்றி நடக்கக் கூடாது. நின்றுகொண்டே மீன் விற்கும் அம்மாவுக்கு அது வருமான இழப்பு. அப்புறம், முதல் தடவையே அகலமாக வெட்டச் சொல்லாதீர்கள். சுற்றிலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் போதும். அதிகம் எடுத்தால் பிறகு எந்த நெறிக்கு வடிகிறது என்று கண்டுபிடிப்பது சிக்கலாகும்.

அம்மாவுக்கு 0.6 மில்லிமீட்டர், மேலே புண் இல்லை. 1 சென்டிமீட்டர் விட்டு இரண்டாவது தடவை எடுத்தார்கள், நெறியைத் தொடவில்லை. நகத்தடியில் வந்தவர்களுக்கு இந்த அனுபவம் பொருந்தாது. அங்கே நகம் முளைக்கும் வேரிலிருந்து சதை எடுக்க வேண்டும், அது வேறு வேலை.

எந்த வழியில் போனாலும் ரிப்போர்ட்டில் மூன்றைப் பாருங்கள்: பிரெஸ்லோ ஆழம், புண் இருக்கிறதா, ஓரத்திலும் அடியிலும் புற்றணு தொடுகிறதா. இதில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் லேபில் கேளுங்கள். வேறு இடத்தில் மறுபடி காட்டுவதற்கு ஸ்லைடையும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கலாம்.