ஆர்ஓ சர்வீஸ் என்று கூப்பிட்டு 11,800 ரூபாய் போச்சு: மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால், "விடு, போனது போகட்டும்" என்று வீட்டில் எல்லாரும் சொல்வது எனக்கும் சரியென்று பட்டுவிடும். போனது 11,800 ரூபாய். வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் என்ற பெயரில், பட்டப்பகலில், என் சமையலறையில் நின்றுகொண்டு, என் மாமியார் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போன பணம். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் போர் தண்ணீர்தான். கோடையில் லாரி. இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாளியில் வெள்ளையாகப் படியும், துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது, டிகாக்‌ஷன் போட்டால் காபியில் உப்பு முன்னாலும் காபி பின்னாலும் தெரியும். அத்தைக்கு மூன்றரை மணிக் காபி ஒன்றுதான் ஆசை என்று சொல்லிக்கொள்கிற மாதிரி இருப்பது. அதற்காகவே சமையலறையில் ஆர்ஓ மெஷின் மாட்டினோம். ஆடம்பரத்துக்கு இல்லை.

அந்த மெஷினில் தண்ணீர் நூலாக வர ஆரம்பித்தது. டேங்க் நிரம்ப ராத்திரி முழுக்க ஆனது. மெஷின் மேல் ஒட்டியிருந்த கம்பெனியின் டோல் ஃப்ரீ எண் தண்ணீர் பட்டுப் பட்டு அழிந்துபோயிருந்தது. கம்பெனி பெயரையும் ஊர் பெயரையும் போட்டு இணையத்தில் தேடினேன். முதலில் வந்ததைத் திறந்தால் அதே கம்பெனி லோகோ, அதே நீல நிறம், "சென்னை சர்வீஸ் சென்டர்" என்று பெரிய எழுத்து, கீழே ஒரு மொபைல் எண். உடனே எடுத்தார்கள். இனிமையாகப் பேசினார்கள். விசிட்டிங் சார்ஜ் 299 என்றார்கள், அன்றைக்கே ஆள் வந்தான்.

இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அவன் வந்த விதம்தான். லோகோ போட்ட டி-ஷர்ட், கழுத்தில் ஐடி கார்டு. செருப்பை வாசலிலேயே கழற்றினான். உள்ளே வந்ததும் முதலில் கேட்டது, "அக்கா, ஒரு பழைய பேப்பர் குடுங்க, தரை அழுக்காயிடும்." பேப்பரை விரித்து, அதன் மேல் ஸ்பானர்களை வரிசையாக எடுத்து வைத்தான். இந்த வீட்டுக்கு எத்தனையோ பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள், ஒருத்தர் கூட அப்படிக் கேட்டதில்லை. அத்தை அங்கேயே கவிழ்ந்துவிட்டார். "தங்கமான பையன்" என்று காபி கலக்கப் போய்விட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது கச்சேரி. பையிலிருந்து ஒயர் மாட்டிய ஒரு கருவியை எடுத்தான், அதில் இரண்டு ஜோடிக் கம்பிகள். ஒரு டம்ளரில் எங்கள் மெஷின் தண்ணீர், இன்னொன்றில் அவன் கொண்டுவந்த பாட்டில் தண்ணீர். கரண்ட் கொடுத்ததும் எங்கள் டம்ளர் பழுப்பாகி, மேலே சகதி மாதிரி மிதந்தது. அவனுடையது அப்படியே தெளிவாக நின்றது. அத்தை நெஞ்சில் கை வைத்து, "இதையா குழந்தைக்குக் குடுத்துட்டு இருந்தோம்?" என்றார். அதற்கு அவன், "பயப்படாதீங்க பாட்டி, இப்பவாவது கண்டுபிடிச்சோமே" என்கிறான்!

அது என்ன வித்தை என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதில் இருப்பது இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும். உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளியே வரும். உப்பே இல்லாத தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறாது. நாம் பார்த்துப் பயந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை, அவன் கம்பியிலிருந்து வந்தது. நல்ல கிணற்றுத் தண்ணீரை வைத்தாலும் இப்படித்தான் ஆகும்.

அடுத்து டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவைக் காட்டுகிற பேனா போன்ற சின்னக் கருவி. மெஷினுக்குள் கையை விட்டு எதையோ பார்த்துவிட்டு, குழாயைத் திறந்து பிடித்தான். 610 காட்டியது. "அக்கா, மெம்பரேன் அவுட். இந்தத் தண்ணிய குடிச்சா கிட்னி போயிடும்." மெம்பரேன் என்பது மெஷினுக்குள் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கிற வடிகட்டி. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-இல் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு என்று போட்டிருக்கிறது. 610-க்கு யாருடைய கிட்னியும் ஓடிப்போவதில்லை. ஆனால் அந்த நேரத்தில், பழுப்பு டம்ளர் எதிரில் இருக்க, யாருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்?

மெம்பரேன் மட்டும் மாற்றினால் 4,200. ஒரு வருட ஏஎம்சி, அதாவது பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் 10,000, அதில் மெம்பரேன், எல்லா ஃபில்டர், பம்ப், அடாப்டர் எல்லாமே அடக்கம், மூன்று சர்வீஸ் இலவசம். ஜிஎஸ்டி 1,800. ஆக 11,800. என் கணவருக்கு போன் போட்டேன், ரேட் அதிகமாக இருக்கிறதே என்றார். அவனே போனை வாங்கி, "சார், இன்னைக்கு மட்டும்தான் சார் இந்த ஆஃபர்" என்று அவருக்கும் பொறுமையாக விளக்கினான். ஸ்கேன் செய்தபோது கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "மேனேஜர் அக்கவுண்ட்க்கா, கம்பெனி ஸ்கேனர் சர்வர் டவுன். பில்லு கம்பெனி பேர்ல தான் தருவேன்." முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

11,800 போனது. அவன் கீழே வண்டிக்குப் போய் ஒரு புதுப் பெட்டி கொண்டுவந்தான். "அக்கா, பால்கனி வால்வை மூடிட்டு நான் சொல்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க, இல்லனா தண்ணி பீச்சி அடிக்கும்" என்றான். நான் பால்கனியில் நின்றேன். திரும்பி வந்தால் மீட்டரில் 95. "பாத்தீங்களா?" பழைய மெம்பரேனைக் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும் என்று எதையோ துணியில் சுற்றிப் பைக்குள் போட்டான். புது மெம்பரேனின் காலிப் பெட்டியை மட்டும், "வாரன்டிக்குப் பத்திரமா வைங்க" என்று என் கையில் கொடுத்தான். காபி டம்ளரை சிங்க்கில் கழுவி வைத்துவிட்டுப் போனான். கழுவி வைத்தான்!

ஒரு வாரம் கூட ஆகவில்லை. மறுபடி தண்ணீர் நூல்.

கூப்பிட்டேன். "உங்க கம்ப்ளைன்ட் ரெஜிஸ்டர் ஆயிடுச்சு மேம், 24 மணி நேரத்துல டெக்னீஷியன் கூப்பிடுவார்." கூப்பிடவில்லை. மறுபடி கூப்பிட்டால் அதே பெண் குரல், அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். டெக்னீஷியன் லீவு. டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கிறார். சீனியரிடம் கொடுங்கள் என்றால் காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவனுடைய எண்ணுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

சரி என்று, எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடைக்காரர் சொன்ன ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். வயதானவர், பேப்பர் எல்லாம் கேட்கவில்லை, தரையையும் நனைத்துவிட்டார். மெம்பரேன் இருக்கிற குழாயைக் கழற்றி, அதை வெளியே இழுத்து எனக்குக் காட்டினார். பழுப்பேறிப்போன மெம்பரேன். அதன் லேபிள் மேல் மார்க்கரில் "3/24" என்று எழுதியிருந்தது. 2024 மார்ச்சில் கம்பெனி ஆள் மாற்றியபோது என் கண் முன்னால் எழுதியது! அதைத்தான் இவன் பால்கனி வால்வு மூடிய நேரத்தில் கழற்றக்கூடச் செய்யாமல் விட்டிருக்கிறான்.

அப்படியானால் 610 எப்படி 95 ஆனது? பெரியவர் உள்ளே ஒரு சின்ன திருகைக் காட்டினார். டிடிஎஸ் கன்ட்ரோலர் என்பார்களாம். மெம்பரேன் வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து, ருசிக்காக உப்பளவைக் கூட்டுவதற்கு வைத்திருப்பது. அதை முழுக்கத் திறந்தால் மீட்டர் ஏறும், மூடினால் இறங்கும். அவர் திருப்பியே காட்டினார், 90-லிருந்து 600 வரை ஏறி இறங்கியது. மெம்பரேனுக்கு ஒரு கேடும் இல்லை. தண்ணீர் மெதுவாக வந்ததற்குக் காரணம் மெஷினுக்கு வெளியே மாட்டியிருக்கிற வெள்ளை ஸ்பன் ஃபில்டர் மண் அடைத்துப் போனது. அதை மாற்றினார். கூலியோடு 250 ரூபாய். 250 ரூபாய் வேலைக்கு 11,800 ரூபாய்!

மெம்பரேன் போட்டோவை அந்த சர்வீஸ் எண்ணுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். இதற்குத்தான் பதில் வந்தது, அதுவும் உடனே: "மேம், ஜாப் கார்டுல நியூ மெம்பரேன் ஃபிட்டட்னு இருக்கு. மெஷினை யார் ஓப்பன் பண்ணாங்க? வெளியாள் தொட்டா ஏஎம்சி கேன்சல்." திருடன் வீட்டுக்காரனைப் பார்த்து ஏன் பீரோவைத் திறந்தாய் என்று கேட்பது போல. நான் விடாமல் கேட்டதும், அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஃப்ரீலான்சர் என்றார்கள். பிறகு, ரீஃபண்ட் கிடையாது, அடுத்த வருட ஏஎம்சியில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த வருடமாம்! பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

உண்மையான கம்பெனியின் எண்ணை வாரன்டி கார்டில் தேடி எடுத்துப் பேசினேன். "எங்க ரெக்கார்ட்ல இப்படி ஒரு விசிட்டே இல்ல மேடம்" என்றார்கள். உங்கள் லோகோவைப் போட்டு ஏமாற்றுகிறானே என்றால், "ஒரு மெயில் போடுங்க." போட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று தானியங்கிப் பதில் வந்தது, அதோடு சரி. வங்கியில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். ஆளாளுக்குக் கையை விரிக்கிறார்கள், பணம் மட்டும் எல்லார் வழியாகவும் ஒழுங்காகப் போயிருக்கிறது.

அந்த பில்லை என் கணவர் எடுத்துப் பார்த்தார். 1,800 ரூபாய் ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறானே, எண் இருக்கிறதா என்று. இருந்தது. ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள் இருக்க வேண்டும், தமிழ்நாடு என்றால் 33-இல் ஆரம்பிக்கும். இதில் எண்ணினால் 14. வரி என்று சொல்லி வாங்கியதும் அவன் பைக்குத்தான். அந்த இணையதளத்தின் அடியில், எறும்பு எழுத்தில், "நாங்கள் எந்தக் கம்பெனியையும் சேர்ந்தவர்கள் அல்ல, பல பிராண்டுகளுக்கு சர்வீஸ் செய்பவர்கள்" என்றும் போட்டிருக்கிறது. லோகோவை மேலே அவ்வளவு பெரிதாகப் போட்டவனுக்கு இதைப் பெரிதாகப் போட இடமில்லை போலிருக்கிறது.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அதில் தீரவில்லை என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அத்தை, "அலைச்சல்தான் மிச்சம்" என்கிறார். அலைகிறேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். தேடலில் முதலில் வருகிற எண்ணை நம்பாதீர்கள், காசு கொடுத்தால் யாரும் முதலில் வரலாம். வாரன்டி கார்டை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். கம்பி விட்டுத் தண்ணீரை நிறம் மாற்றிக் காட்டுகிறவனை அந்த நிமிடமே வெளியே அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்தால் தனி ஆள் பெயர் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். பால்கனிக்குப் போகச் சொன்னால் போகாதீர்கள்.

இந்தப் பகுதியில் லோகோ டி-ஷர்ட் போட்டு வந்து பேப்பர் கேட்டு விரித்தவன் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், மெம்பரேனை ஒரு நல்ல மெக்கானிக்கை விட்டுக் கழற்றிப் பாருங்கள். பில்லையும் பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டையும் அழிக்காதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், நான்கைந்து பேர் சேர்ந்தால் காவல் நிலையத்தில் ஒரே புகாராகக் கொடுக்கலாம். நான் வருகிற திங்கட்கிழமை போவதாக இருக்கிறேன்.