ஒன்பது வாள், கடப்பாரை ஒன்றுகூட இல்லை

விலை 52 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பெட்டிக்குள் பிளாஸ்டிக் பொம்மைகள்: பன்னிரண்டு குதிரை, பன்னிரண்டு ஆள். அளவு 72-இல் ஒரு பங்கு, அதாவது ஆறடி சிப்பாய் ஓர் அங்குலத்தில் நிற்பான். பெட்டியின் மேல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஒன்றியக் குதிரைப்படை, அதாவது வடக்கத்திப் படை, வாளை உயர்த்திக்கொண்டு பாய்ந்து வருகிறது. பின்னால் புகை, முன்னால் புழுதி. படத்தைப் பார்த்ததுமே பேரன் கையை விட்டுவிட்டான்; கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான்.

நாங்கள் இருப்பது கோலாலம்பூரின் செந்தூலில். அங்கிருந்து எல்ஆர்டி ரயில், ஹங் துவாவில் மோனோரயில், புக்கிட் பிந்தாங்கில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் ஒரு பழைய பேரங்காடி. அதன் மேல் மாடியில் பொம்மை ரயில், விமானம், பீரங்கி விற்கும் சின்னக் கடை. கடைக்காரர் சீனர். பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். வாங்கச் சொல்லி நச்சரிக்க மாட்டார். பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். கத்தியால் ஒட்டுத்தாளை அவரே கீறிக் கொடுத்தார். இந்த ஒரு காரணத்துக்காகவே கடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். பெட்டிக்கு அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குதிரைகள் அருமை. பன்னிரண்டுக்கும் நான்கு வகை வார்ப்புதான், ஆனாலும் கழுத்து, பிடரி, வயிற்றடி வார் எல்லாம் துல்லியம். சேணத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றியப் படையின் மெக்கிளெல்லன் சேணத்தில் நடுவே நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். இந்த ஓர் அங்குலச் சமாச்சாரத்தில் அதையும் மயிரிழைக் கோடாகக் காட்டியிருக்கிறார்கள். சேணத்துக்கு முன்னும் பின்னும் சுருட்டிக் கட்டிய கம்பளி. சட்டை கருநீலம், ஓரத்தில் மஞ்சள் பட்டி, கால்சட்டை வெளிர்நீலம் என்று பின்பக்க நிறப்பட்டியலும் சரியாகவே இருக்கிறது.

இனிக் குறை. பிளாஸ்டிக் ரொம்ப மெத்து. வாள்கள் அத்தனையும் முருங்கைக்காய் மாதிரி வளைந்துதான் வந்தன. சுடுதண்ணீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நேராகும். ஒட்டுப் பிசிறு நிறைய, பிளேடு வேண்டும். சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாயம் அடித்தால் மறுநாள் செதில் செதிலாக உரியும். நான் அவசரப்பட்டு நான்கு பேரை அப்படிக் கெடுத்தேன்.

இதெல்லாம் எந்தப் பெட்டியிலும் இருக்கிற தொல்லை. என் மனக்குறை வேறு. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வாளை ஓங்குகிறார்கள். ஒருவன் கொடி, ஒருவன் ஊதுகொம்பு. கார்பைன் என்கிற குட்டைத் துப்பாக்கி ஒரே ஒருவன் கையில். குதிரையை விட்டு இறங்கி நிற்பவன் ஒருவன்கூட இல்லை. அந்தப் போரில் குதிரைப்படை பெரும்பாலும் இறங்கி நின்றுதான் சுட்டது. நான்கில் ஒருவன் மற்ற மூவரின் குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பான். அந்த நான்காவது ஆளைக்கூட இந்தப் பெட்டி மறந்துவிட்டது.

நான் மலேசிய ரயில்வேயான கே.டி.எம்.-இல் முப்பத்து நான்கு வருடம் பாதை வேலை பார்த்தவன். ரவாங்கிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை பாதைக்கு அடியில் எந்த மதகில் தண்ணீர் ஏறும், எந்த வளைவில் ஆணி தளரும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால் இந்தப் பன்னிரண்டு பேருக்கு எந்த ரெஜிமென்ட் பெயர் வைக்கலாம் என்று தேடியபோது என் கண் ரயில்பாதை பக்கம்தான் போனது. அகப்பட்டது 7வது இல்லினாய் குதிரைப்படை.

1863 ஏப்ரல் 17. டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து 1,700 பேர் தெற்கே கிளம்புகிறார்கள். 6வது இல்லினாய், 7வது இல்லினாய், 2வது அயோவா என மூன்று ரெஜிமென்ட், கூடவே சில சின்ன பீரங்கி. தலைவர் பெஞ்சமின் கிரியர்சன். மனிதர் போருக்கு முன் இசை வாத்தியார். சின்ன வயதில் குதிரை உதைத்ததில் முகம் கிழிந்தவர், குதிரையென்றாலே ஆகாது. அவரைத்தான் குதிரைப்படையில் போட்டார்கள். எங்கள் இலாகாவில் உத்தரவு போட்டவர்களும் இப்படித்தான், அதை விடுங்கள்.

அந்த நேரம் ஒன்றியத் தளபதி கிராண்ட், தெற்கத்திப் படையின் கையில் இருந்த ஆற்றங்கரை ஊரான விக்ஸ்பர்க்கைப் பிடிக்க மிசிசிப்பி ஆற்றைக் கடக்க வழி பார்த்துக்கொண்டிருந்தார். எதிரியின் கண்ணை வேறு பக்கம் திருப்ப வேண்டும், விக்ஸ்பர்க்குக்குப் போகும் ரயில்பாதையையும் அறுக்க வேண்டும். இதற்குத்தான் இந்தக் குதிரைகள்.

நான்காம் நாளே நோயாளிகளையும் நொண்டிக் குதிரைகளையும் பிரித்துத் திருப்பி அனுப்பினார்கள், சுமார் 175 பேர். அந்தக் கூட்டத்துக்குச் சிப்பாய்களே வைத்த பெயர் கொயினா படை, மலேரியாவுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்தின் பெயர். வாசித்தபோது சிரித்துவிட்டேன். என் அம்மா, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் கொடுக்கும் கொயினாவைக் கண்டு ஓடி ஒளிந்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் 2வது அயோவாவும் பிரிந்து திரும்பியது. மொத்தப் படையுமே திரும்பிவிட்டதாக எதிரி நம்பட்டும் என்று வந்த தடத்திலேயே குதிரைகளை நடத்தி, பீரங்கிச் சக்கரத்தையும் சேற்றில் பதித்துவிட்டுப் போனார்கள். துரத்தியவர்கள் அந்தத் தடத்தின் பின்னால் போனார்கள்.

7வது இல்லினாயின் நாள் ஏப்ரல் 24. லெப்டினன்ட் கர்னல் வில்லியம் பிளாக்பர்ன் இருநூறு பேரோடு முன்னால் விரைந்து, விடிகாலையில் அந்த விக்ஸ்பர்க் பாதையில் உள்ள நியூட்டன் ஸ்டேஷனில் நுழைந்தார். அவருக்கும் முன்னால் எதிரி உடுப்பு மாட்டிக்கொண்ட வேவுக்காரர்கள், சார்ஜன்ட் ரிச்சர்ட் சர்பியின் ஆட்கள். இரண்டு ரயில் அகப்பட்டது. ஒன்றில் 25 பெட்டி, சிலிப்பர் கட்டையும் இயந்திரமும். மற்றதில் 13 பெட்டி, உணவும் வெடிமருந்தும், அதில் பல ஆயிரம் பீரங்கிக் குண்டுகள். எல்லாவற்றுக்கும் நெருப்பு. இன்ஜின்களை வெடிக்க வைத்தார்கள்.

பிறகு பாதை. இங்கேதான் நான் வாசிப்பதை நிறுத்தி யோசித்தேன். தண்டவாளத்தைப் பிடுங்குவது வாள் வேலையா? எங்கள் காலத்துப் பாதையில் தண்டவாளம் கெஜத்துக்கு 80 ராத்தல் எடை. நாற்பதடித் தண்டவாளம் ஆயிரம் ராத்தலைத் தாண்டும். மேஸ்திரியான மண்டோர் குரல் கொடுக்க, கடப்பாரையோடு பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே மூச்சில் தூக்கினால்தான் அசையும். அவர்கள் காலத்துத் தண்டவாளம் தேனிரும்பு, எடையும் குறைவு. இருந்தாலும் ஆணி ஆணிதான், முதுகு முதுகுதான். கழற்றிப் போட்டால் மட்டும் போதாது, எதிரி மறுநாளே எடுத்துப் பூட்டிவிடுவான். கட்டைகளை அடுக்கி எரித்து, மேலே தண்டவாளத்தைக் கிடத்தி, நடுப்பகுதி சிவந்ததும் இரண்டு முனையிலும் தொங்கி வளைக்க வேண்டும். அப்படி வளைந்தது பட்டறைக்குப் போகாமல் பாதைக்குத் திரும்பாது.

ஐம்பது, அறுபது மைல் தண்டவாளமும் தந்திக் கம்பியும் அழித்ததாகக் கிரியர்சனின் அறிக்கை சொல்கிறது. பாதைக்காரன் நான் இதை அப்படியே விழுங்க மாட்டேன். ஓடிக்கொண்டே இருக்கிற ஆட்களுக்கு அத்தனை மைலை வளைக்க நேரம் ஏது? ஆனால் மரப்பாலங்களை எரித்தார்களே, அதுதான் வலி. பாலம் போனால் வேலை நாள் கணக்கில் முடியாது.

என் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் கிழக்குக் கரைப் பாதையைப் பிடுங்கியதைப் பார்த்தவர். அங்கே கழற்றிய தண்டவாளங்கள் ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா மரண ரயில்பாதைக்குப் போயின. தோட்டத்திலிருந்து எங்கள் ஆட்களும் போனார்கள். 'தண்டவாளம் போன இடத்துக்குத்தான் ஆளும் போனான்' என்று மட்டும் சொல்வார். மேலே கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அதனால் பெட்டியை நானே திருத்த முடிவுசெய்தேன். தெற்கு மாநிலங்களில் பெரும்பாலான பாதைகளின் அகலம் ஐந்தடி. இந்த அளவுக்கு அது 21 மில்லிமீட்டர். கடையில் விற்கும் பொம்மைப் பாதை அதைவிடக் குறுகல், ஆகவே ஐஸ்கிரீம் குச்சியைக் கீறிச் சிலிப்பர், செம்புக் கம்பியைத் தட்டித் தண்டவாளம். நான்கு கம்பியை லைட்டரில் காட்டிக் குறடால் வளைத்தேன். மூன்று வாள்களை வெட்டி எறிந்துவிட்டு, கையில் குண்டூசியைத் துளைத்து ஒட்டினேன். கடப்பாரை தயார். ஆள் மட்டும் குதிரைமேல் உட்கார்ந்த கோலத்திலேயே, கால் அகட்டி, கக்கூஸ் போகிறவன் மாதிரி நிற்கிறான். முழங்காலில் கீறி மடக்கிப் பார்த்தேன், ஒருவனுக்குத்தான் சரியாக வந்தது.

பேரனுக்குக் கோபம். "வாளை ஏன் தாத்தா வெட்டுனீங்க? கடப்பாரையோட படம் போட்டிருந்தா இந்தப் பெட்டிய யாரு வாங்குவா?"

நியாயம்தான். நானே வாங்கியிருப்பேனா தெரியவில்லை. அவனுக்கு ஆறுதலாக ஒரு சமாதானம் செய்துகொண்டோம். மீதி ஆறு வாள்காரர்களும் மே 1-ஆம் தேதிக்கு. அன்று டிக்ஃபா ஆற்றின் வால்ஸ் பாலத்தில் பிளாக்பர்ன் பின்னால் வருகிற படைக்குக் காத்திராமல் ஒரு சில ஆட்களோடு பாய்ந்தார், சுடப்பட்டார், பிழைக்கவில்லை. பெட்டிப் படத்துக்குப் பொருத்தமான ஒரு நிமிடம் அது ஒன்றுதான். அதற்கு விலையும் அவரே.

இன்னொரு ஆளுக்கும் ஒரு கதை வைத்தோம். 7வது இல்லினாயின் 'பி' கம்பெனி, கேப்டன் ஹென்றி ஃபோர்ப்ஸ். முப்பத்தைந்து பேரோடு தனியே கிளை பிரிந்து, என்டர்பிரைஸ் என்ற ஊரில் வெள்ளைக்கொடி காட்டிச் சரணடையச் சொல்லி மிரட்டியவர். ஊரில் இருந்தது அவர்களைவிடப் பெரிய படை. யோசிக்க ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டதும், சரி என்று சொல்லிவிட்டு இவர் கம்பியை நீட்டிவிட்டார். அவர் தம்பி ஸ்டீபன் ஃபோர்ப்ஸும் அதே கம்பெனியில் சார்ஜன்ட். பின்னாளில் ஏரி, பூச்சி, மீன் என்று ஆராய்ந்து பெயர்பெற்ற இயற்கை விஞ்ஞானி. கார்பைன் வைத்திருக்கும் அந்த ஒரே ஆளுக்குப் பேரன் ஸ்டீபன் என்று பெயர் வைத்திருக்கிறான். ஊதுகொம்புக்காரன் கிரியர்சன். வாத்தியாருக்கு வேறு எதைக் கொடுப்பது?

மே 2-ஆம் தேதி லூசியானாவின் பேட்டன் ரூஜ் வந்து சேர்ந்தார்கள். பதினாறு நாள், சுமார் 600 மைல். நம் பாடாங் பெசாரிலிருந்து ஜொகூர் பாரு வரை உள்ள பாதை நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 28 மணி நேரத்தில் மட்டும் 76 மைல், நடுவில் நான்கு மோதல். ஆட்கள் சேணத்திலேயே தூங்கி வழிந்தார்கள். ஊருக்கு வெளியே நிறுத்தியதும் எல்லாரும் தரையில் சாய, கிரியர்சன் பக்கத்து வீட்டில் இருந்த பியானோவில் உட்கார்ந்து வாசித்தார், தானும் தூங்கிவிடக் கூடாதே என்று. இழப்பு அவர் கணக்கில் மூன்று சாவு, ஏழு காயம், நோயால் வழியில் விட்டுவந்த ஐவர், காணாமல்போன ஒன்பது பேர். இதற்கிடையில் ஏப்ரல் 30 அன்றே கிராண்ட் ஆற்றைக் கடந்துவிட்டார். ஜூலை 4-இல் விக்ஸ்பர்க் விழுந்தது.

ஆக, வாங்கலாமா? பிள்ளைக்கு விளையாடத்தான் என்றால் தாராளமாக வாங்கலாம், கீழே போட்டாலும் உடையாது. போரைக் காட்ட என்றால் குண்டூசி, குறடு, பொறுமை மூன்றும் கைவசம் இருக்கட்டும். ஐந்துக்கு மூன்று. குதிரைக்காக அரை கூட்டிக்கொள்ளுங்கள்.

நான் கீழே இறக்கிய மூன்று பேரால் மூன்று குதிரை வெறுமனே நிற்கிறது. அவற்றைப் பிடித்துக்கொள்ள நான்காவது ஆள் வேண்டும். போன வாரம் திரும்பப் போய், ஆளை மட்டும் தனியாக விற்பீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன். கண்ணாடிக்குள் இருந்த கடைசிப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, வழக்கம்போல் பேசாமல் நின்றார்.